பழைய பத்திரிகையின் வளர்ச்சியை அதன் தாளிலிருந்தே படிப்பது எப்படி?

ஆண்டுவிழா மலரை மட்டும் நம்பி ஒரு பத்திரிகையின் வரலாற்றை எழுதாதீர்கள். தடுமாறிய ஆண்டுகளுக்கு அதில் இடம் குறைவு. பழைய பிரதிகளே நல்ல சாட்சி. சென்னையின் ‘தி ஹிந்து’வையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அச்சிட்டவர் விவரம் உள்ள வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும். அச்சிட்டவர் பெயரும் இடமும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்க வேண்டும் என்றது 1867ஆம் ஆண்டுச் சட்டம். பலரும் தாண்டிப்போகும் அந்த ஒரு வரியில்தான் பாதிக் கதை இருக்கிறது. 1878 செப்டம்பர் 20 அன்று ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதிகள் அடித்தார்கள். தங்கசாலைத் தெரு ஸ்ரீநிதி அச்சகத்தில்தான் அடித்தார்கள். சொந்த அச்சகம் கிடையாது. 1883 டிசம்பரில் மவுண்ட் ரோட்டுக்குப் போனபோதுதான் அது வாய்த்தது. இந்த வரி மாறும் தேதியைத் தவறாமல் குறியுங்கள்.

அடுத்து ஒரு நோட்டில் கட்டம் போடுங்கள்: தேதி, கிழமை, மலர் எண், இதழ் எண், பக்கங்கள், விலை, விளம்பரப் பத்திகள். வார இதழாகத் தொடங்கிய ஹிந்து 1883 அக்டோபரில் வாரம் மும்முறையானது. 1889 ஏப்ரல் 1 முதல் நாளிதழ். இதழ் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழுக்கும். அச்சுப்பிழையும் உண்டு, எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதும் உண்டு. கிழமையோடு ஒத்துப்பாருங்கள்.

விளம்பரத்தைப் பத்தி பத்தியாக எண்ணுங்கள். முதல் பக்கம் முழுக்க விளம்பரமா என்று திகைக்க வேண்டாம். 1958 வரை ஹிந்துவில் அதுதான் வழக்கம். 1905இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்குப் பத்திரிகையை வாங்கினார். அதற்கு முந்தைய ஓராண்டையும் பிந்தைய ஓராண்டையும் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுங்கள்.

‘சுதேசமித்திரன்’ போன்ற தமிழ் ஏடுகளில் பிரதி கிடைக்காத வாரங்களுக்கு, அன்றைய ஆங்கிலேய அரசு தொகுத்த சுதேசிப் பத்திரிகை அறிக்கைகள் கைகொடுக்கும். ஆனால் அவை அதிகாரிகளுக்காக மொழிபெயர்த்த சுருக்கங்கள். அரசுக்கு உறுத்தியதே அதிகம் இருக்கும். தலையங்கத்தின் நடையை அங்கே தேடாதீர்கள்.

மரக்கூழ்த் தாள் அமிலத்தால் நொறுங்கும், மடிப்பில்தான் முதலில் உடையும். மூலையைப் பிடித்துத் திருப்பாமல் உள்ளங்கையை அடியில் கொடுத்துத் திருப்புங்கள். கையில் ஈரம் கூடாது, ஃபிளாஷும் கூடாது. மைக்ரோஃபிலிம் பார்த்தால் இன்னொரு கவனம்: சில படங்களில் பக்கத்தின் அடிவிளிம்பு வெட்டுப்பட்டிருக்கும், அச்சகத்தின் பெயரும் அதோடு போயிருக்கும். அந்தத் தேதிக்கு மட்டும் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.