முட்டி மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஸ்மார்ட் வாட்ச்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல் வரை போய்த் திரும்பினார். நான் கூடவே நடந்து எண்ணினேன்: 64 காலடி. கையில் கட்டியிருந்த வாட்ச் 9 என்றது. "இத்தனை வலியோட நடந்தது வெறும் ஒன்பதா?" என்று கேட்டபோது அம்மாவின் முகம் வாடிவிட்டது.

வாட்ச் பழுதில்லை. கட்டிய இடம்தான் தவறு. மணிக்கட்டில் இருக்கும் கருவி காலைப் பார்ப்பதில்லை. கை வீசும்போது உண்டாகும் அசைவை வைத்துத்தான் அடிகளைக் கணக்கிடுகிறது. வாக்கரை இறுகப் பிடித்திருக்கும் கை வீசாது. நடையும் மெதுவாக, காலைத் தேய்த்துத் தேய்த்து இருப்பதால் உடம்பில் அதிர்வும் குறைவு. அதே வாட்சைக் கணுக்காலுக்கு மாற்றினால் எண்ணிக்கை உண்மைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் அறுவை செய்யாத காலில் கட்டுங்கள். அறுவை செய்த காலில் மாலைக்குள் வீக்கம் ஏறும். காலையில் தளர்வாக இருந்த பட்டை அப்போது தோலை அழுத்தும்.

கட்டும் இடத்தை அடிக்கடி மாற்றவும் கூடாது; எண்களை ஒப்பிட முடியாமல் போகும். மணிக்கட்டிலேயே கட்டியிருந்தால், வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு மாறும் வாரத்தில் எண்ணிக்கை திடீரென்று எகிறும். முட்டி ஒரே வாரத்தில் அவ்வளவு தேறிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கை விடுபட்டதால், முன்பு தவறவிட்ட அடிகளையும் வாட்ச் இப்போது பிடிக்கிறது.

நான் பார்த்ததில் அதிகக் கெடுதல் செய்வது, கருவி தானாக வைத்துத் தரும் இலக்கு. பத்தாயிரம் அடி என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. 'மான்போ-கெய்' என்றால் பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். புது மூட்டு வைத்தவருக்காக யாரும் கணக்கிட்டுச் சொன்ன எண் அல்ல அது. வாட்ச் வந்த அன்றே அந்த இலக்கை அணைத்துவிடுங்கள். எவ்வளவு நடக்கலாம் என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். நடந்தது சரியான அளவா என்பதை மறுநாள் காலை முட்டியே சொல்லிவிடும்.

மூன்றாவது வாரம் ஒருநாள், வாட்ச் திரையில் இலக்கைக் காட்டும் வட்டம் நிறைய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று அம்மா இரவு ஒன்பது மணிக்குக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். விடிந்தபோது முட்டி சூடாக, பந்துபோல் வீங்கியிருந்தது. முந்தின நாள் 95 டிகிரி மடங்கிய கால் 80-ஐத் தாண்டவில்லை. முட்டிக்குள் நீர் கோத்தால் தொடையின் முன்பக்கத் தசை சரியாக இயங்காது. தசை இயங்காவிட்டால் பயிற்சியும் நடக்காது. காலை உயர்த்தி வைப்பதும் ஐஸ் வைப்பதுமாகவே இரண்டு நாள் போனது. அதே அடிகளை நாள் முழுக்கச் சிறுசிறு நடைகளாகப் பிரித்திருந்தால் முட்டி தாங்கியிருக்கும். அதற்குப் பிறகு ஒரு நோட்டில் அடிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வீக்கம், வலி, மடக்கம் மூன்றையும் எழுத ஆரம்பித்தோம். எண்ணுக்கு அர்த்தம் வந்தது அப்போதுதான்.

முதல் சில வாரங்களில் முட்டிக்கு முக்கியமானது மடங்குவதும் முழுதாக நீள்வதும். நாற்காலியில் வசதியாக உட்காரச் சுமார் 90 டிகிரி வேண்டும்; தாழ்வான இருக்கையிலிருந்து எழ அதற்கும் மேல். நீட்டும்போது கால் நேராகாவிட்டால் நடை நொண்டும். கையில் கட்டும் வாட்சுக்கு இது எதுவும் தெரியாது. அசைவை உள்ளிருந்தே பதிவுசெய்யும் சென்சார் பொருத்திய செயற்கை மூட்டு ஒன்றுக்கு அமெரிக்காவில் 2021-இல் அனுமதி கிடைத்தது. ஆனால் நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது கைக்கடிகாரம்தான். குதிகாலைக் கட்டிலில் சறுக்கி முட்டியை மடக்கும் பயிற்சிக்கு அது ஓர் அடிகூடத் தராது. எண்ணிக்கை குறைந்த நாளில் மூன்று வேளைப் பயிற்சியும் ஒழுங்காக முடிந்திருந்தால் அது நல்ல நாள். இன்னொன்று: படுக்கும்போது இதமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். கால் மடங்கிய நிலையிலேயே இறுகப் பழகிவிடும்.

வாட்ச் எல்லாம் சரியென்று காட்டுகிறது என்பதற்காக உடம்பு சொல்வதைத் தள்ளிப்போடுவது ஆபத்தான தவறு. காலில் ரத்தம் உறைந்திருப்பதை இந்தக் கருவிகளால் கண்டுபிடிக்க முடியாது. கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். காய்ச்சலைத் தெர்மாமீட்டரில் பாருங்கள். தையலில் கசிவோ பரவும் சிவப்போ தெரிந்தால் அறுவை செய்த மருத்துவருக்குச் சொல்லுங்கள். நாடித்துடிப்பிலும் கவனம் வேண்டும்: வலியாலும் ரத்த இழப்பாலும் அது சில காலம் கூடியிருக்கலாம், நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு உயரவேண்டிய நேரத்திலும் அது உயராமல் போகலாம்.

தூக்க மதிப்பெண்ணைக் கொஞ்ச நாள் பார்க்கவே வேண்டாம். இந்த வாரங்களில் பலருக்கும் தூக்கம் கலைந்து கலைந்துதான் வரும். அசையாமல் விழித்துக் கிடப்பதையும் வாட்ச் தூக்கம் என்று எழுதிவிடும். கலோரி எண்ணை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்; காயம் ஆறவும் தசை தேறவும் புரதம் வேண்டும்.

கடைசியாக, கூட இருப்பவர்கள் செய்யும் தவறு. நானும் செய்தேன். அம்மாவின் எண்ணிக்கையை என் போனில் பார்த்துக்கொண்டு, வேலையிடத்திலிருந்து கூப்பிட்டு, "இன்னும் முந்நூறுதானாம்மா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த வாட்ச் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. "எனக்கு மார்க் போடுறியா?" என்றார் அம்மா. என் போனிலிருந்து அந்தச் செயலியை நீக்கினேன். இப்போது கூப்பிட்டால் முதலில் கேட்பது, "இன்னைக்குக் கால் எவ்வளவு மடங்குச்சும்மா?"