கோடைப் பயிற்சியைப் பார்த்து ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியை எடைபோடுவது எப்படி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் அணியைப் பற்றிய பேச்சு ஜூன் மாதத்திலேயே சூடுபிடித்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களும் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்களும் கோடை வகுப்புகளில் பதிவு செய்துகொண்டு வளாகத்துக்கு வந்து சேர்வார்கள். பெரும்பாலும் கதவடைத்தே நடக்கும் பயிற்சிக்கு ஓரிரு நாள் மட்டும் நன்கொடையாளர்களையும் உள்ளூர்ச் செய்தியாளர்களையும் உள்ளே விடுவார்கள். அப்படி ஓரத்து இருக்கையில் இரண்டு மணி நேரம் உட்காரும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், வெளியே வரும்போது "இந்த வருஷம் டீம் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது, அந்தப் பதிலுக்கு எதை ஆதாரமாகக் கொள்வது என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். கூடைப்பந்தில் முளையிலேயே தெரிபவை சில உண்டு. ஆனால் முதலில் கண்ணைப் பறிப்பவை அவையல்ல என்பதுதான் தொல்லை.

அரங்கத்துக்குள் நுழையும் முன் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ஆண்கள் அணிகளின் பயிற்சியாளர்கள் கோடையில் பந்தோடு கற்பிப்பதற்கு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்சிஏஏ 2012-இல்தான் அனுமதி அளித்தது. எட்டு வாரங்கள், வாரத்துக்கு அதிகபட்சம் 8 மணி நேரம் என்பது வரம்பு. அதில் களத்தில் ஆட்டத்தைக் கற்பிப்பதற்கு முதலில் 2 மணி நேரமே இருந்தது, பின்னர் அது 4 மணி நேரமாக உயர்ந்தது. மீதியெல்லாம் எடைப் பயிற்சியும் ஓட்டமும். முறையான பயிற்சி, பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு 42 நாட்கள் முன்னதாகத் தொடங்கும். அந்த 42 நாட்களில் 30 பயிற்சிகள் நடத்தலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கோடை முழுவதும் சேர்த்தாலும் பயிற்சியாளர் கையில் பந்தோடு இருப்பது 32 மணி நேரம்தான். அந்த நேரத்தில் அவர் தற்காப்பின் அடிப்படைகளையும் தனித்திறன்களையும் கற்பிப்பாரே தவிர, தாக்குதல் திட்டங்களை முழுமையாகப் புகட்ட மாட்டார். ஆகவே ஜூன் மாதத்தில் தாக்குதல் தாறுமாறாக இருக்கிறது என்று முகம் சுளிப்பது, பருப்பு வேகும் முன்பே சாம்பாரில் உப்புப் பார்ப்பதற்குச் சமம். ஒரு விதிவிலக்கு உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஓர் அணி வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போகலாம். அதற்காகக் கூடுதலாகப் பத்துப் பயிற்சிகள் கிடைக்கும். அந்தக் கோடையில் மட்டும் அணியிடம் சற்று அதிகமாக எதிர்பார்ப்பதில் தவறில்லை.

அடுத்து, அணிப் பட்டியலை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பயிற்சியில் முதுகில் பெயர் இருக்காது. இருபுறமும் இரண்டு நிறம் கொண்ட, திருப்பிப் போட்டுக்கொள்ளும் சட்டைதான் இருக்கும். உயரம், எந்த ஆண்டு மாணவர், எங்கிருந்து வந்தவர் என்பவற்றைக் குறித்துக்கொள்ளாமல் போனால், முதல் அரை மணி நேரம் யார் யாரென்று கண்டுபிடிப்பதிலேயே கழிந்துவிடும். 2018-இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயரைப் பதியும் இடமாற்றப் பதிவேடு வந்ததும், 2021-இல் ஒருமுறை அணி மாறுபவர் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை என்ற விதி வந்ததும், 2024-இல் அந்த ஒருமுறை என்ற எல்லையும் நீங்கியதும் சேர்ந்து, பாதி அணியாவது புதுமுகங்களாக இருப்பதை வாடிக்கையாக்கிவிட்டன.

பழைய முகங்கள் நிறைய இருந்தால் கவலையில்லை என்ற எண்ணத்தையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். 2022-இல் என்சிஏஏ நடத்தும் தேசியப் போட்டியின் இறுதியாட்டம் வரை சென்ற வட கரோலினா பல்கலைக்கழக அணி, தன் தொடக்க ஐவரில் நால்வரை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த பருவத்தை நாட்டின் முதலிட அணி என்ற கணிப்போடு தொடங்கியது; 20 வெற்றி, 13 தோல்வி என்ற கணக்கோடு என்சிஏஏ போட்டிக்கே தகுதி பெறாமல் முடிந்தது. விலகிப்போன ஐந்தாமவர் உயரமானவராகவும் தொலைவிலிருந்து வீசத் தெரிந்தவராகவும் இருந்ததால், அவர் இருந்தவரை மற்ற நால்வருக்கும் உள்ளே இடம் கிடைத்துக்கொண்டிருந்தது. யார் இருக்கிறார்கள் என்று எண்ணுவதோடு, யார் போனதால் எந்த வேலை ஆளில்லாமல் கிடக்கிறது என்றும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

உட்காரும் இடம் முக்கியம். நடுக்கோட்டுக்கு நேரெதிரே உட்கார்ந்தால் பந்து மட்டும்தான் கண்ணில் படும். கூடைக்குப் பின்புறம், ஐந்தாறு வரிசை மேலே உட்கார்ந்தால் பந்தில்லாத எட்டு ஒன்பது பேரும் தெரிவார்கள். பார்க்க வேண்டியது அவர்களைத்தான். கைபேசி பைக்குள் இருக்கட்டும். படம் எடுப்பதைப் பெரும்பாலான அணிகள் அனுமதிப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்க, படம் எடுப்பவர் பந்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதுமில்லை.

இனி, பார்வையைக் கால்களில் நிறுத்துங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி அரங்கத்தில், 6 அடி 9 அங்குல உயரமுள்ள முதலாண்டு மாணவர் ஒருவர் க்ளோஸ் அவுட் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடைக்கு அடியிலிருந்து மூலையில் நிற்கும் வீச்சாளரை நோக்கி முழு வேகத்தில் ஓடி, கடைசி மூன்று நான்கு எட்டுகளைப் பொடி எட்டுகளாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை உயர்த்தி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் நீண்ட எட்டுகளிலேயே வந்து சேர்ந்தார்; வீச்சாளர் பந்தை ஒரு முறை தரையில் தட்டி அவரைக் கடந்து போனார். துணைப் பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் அவரைத் திரும்பக் கூடைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டாவது முறையும் அப்படியே. ஐந்தாவது முறை காலணி தரையில் கிறீச், கிறீச், கிறீச் என்று மூன்று முறை அடுத்தடுத்து ஒலித்தது. வீச்சாளர் கடக்க வழியின்றிப் பந்தை வேறொருவருக்கு எறிந்தார். அன்றிலிருந்து நான் க்ளோஸ் அவுட்டைப் பாதி காதால்தான் கேட்கிறேன். சரியாகச் செய்தால் ஒலி துண்டு துண்டாக வரும், தவறினால் ஒரே இழுப்பாக வரும். ஒரு புதியவர் ஐந்தாவது முறையில் திருத்திக்கொள்கிறாரா, பதினைந்தாவது முறையிலும் திருத்திக்கொள்ளவில்லையா என்பது ஜூன் மாதத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நம்பகமான செய்தி.

அதே கண்ணோடு ஷெல் டிரில்லையும் பாருங்கள். நான்கு பேர் வெளியே நின்று பந்தைச் சுற்றிவிட, நான்கு பேர் தடுப்பார்கள். பந்து ஒருவர் கையிலிருந்து கிளம்பி இன்னொருவர் கையில் விழுவதற்குள் தடுப்பவர் நால்வரும் புது இடத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும். பந்து போய்ச் சேர்ந்த பிறகு நகர்பவர், நவம்பரில் எதிரணியின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் ஓடுவார். நால்வரில் எவர் எப்போதும் அரை நொடி பிந்துகிறார் என்று பத்து முறை பார்த்தால் தெரிந்துவிடும். அவருடைய எண்ணை எழுதி வட்டமிடுங்கள்.

மூன்று புள்ளி வீச்சைப் பற்றி நான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதில்தான் நானே ஏமாந்தேன். ஒரு புதியவர் தொடர்ச்சியாக ஏழு பந்துகளை உள்ளே போட்டதைப் பார்த்துவிட்டு, இவர்தான் இந்த ஆண்டின் கண்டுபிடிப்பு என்று நண்பர்களுக்கெல்லாம் எழுதினேன். ஜனவரியில் அவர் ஆட்டத்துக்கு மூன்று நிமிடம் களமிறங்குவதே பெரும்பாடாக இருந்தது. தடுப்பதற்கு ஆளில்லாமல், நின்ற இடத்தில் பந்து வந்து சேர, உடல் களைக்காமல் வீசியதை நான் ஆட்டமாக எண்ணிக்கொண்டேன். அதோடு தூரத்தையும் நினைவில் வையுங்கள். உயர்நிலைப் பள்ளிகளின் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 19 அடி 9 அங்குலம். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் 2019-20 பருவத்திலிருந்து அது 22 அடி 1¾ அங்குலம். இரண்டடிக்கும் மேலான இந்த இடைவெளியைக் கடக்கக் கைகளைவிடக் கால்களே அதிகம் உழைக்க வேண்டும். பந்து உள்ளே போகிறதா என்பதைவிட, பயிற்சியின் கடைசிக் கால் மணி நேரத்தில் அதே வீச்சு வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புகிறதா என்று பாருங்கள். முன்விளிம்பில் படத் தொடங்கினால் கால்கள் களைத்துவிட்டன என்று பொருள். அது எடைப் பயிற்சி அறையில் சரியாகக்கூடிய குறை, திறமைக் குறை அல்ல.

எடைப் பயிற்சி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இன்னார் ஏழு கிலோ தசை கூட்டிவிட்டார் என்ற செய்தி ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வோர் அணியிலிருந்தும் வரும். கேட்டுக்கொள்ளுங்கள், எழுத வேண்டாம்.

பள்ளி ஆட்டம் 32 நிமிடம், கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். பள்ளிகளில் பல மாநிலங்களில் வீச்சு நேரக் கடிகாரமே இல்லை, கல்லூரியிலோ 30 நொடிக்குள் வீசியாக வேண்டும். அதனால் புதியவர்கள் முடிவெடுக்கும் வேகத்தையும் கவனிக்க வேண்டும். பந்து கைக்கு வந்ததும் வீசுவதா, கொடுப்பதா, உள்ளே போவதா என்று முடிவு செய்யாமல் இரண்டு நொடி வைத்துக்கொண்டிருப்பவர், பயிற்சியில் எவ்வளவு அழகாகப் பந்தைத் தரையில் தட்டி ஓட்டினாலும், டிசம்பர் வரை மாற்று ஆட்டக்காரராகவே இருப்பார் என்று நான் துணிந்து எழுதுவேன்.

ரீபவுண்டை, அதாவது உள்ளே போகாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதை, எடைபோட ஹூஸ்டன் பல்கலைக்கழக அணி நல்ல அளவுகோல் தந்திருக்கிறது. பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சன் அங்கே வளையத்தின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் பொருத்திவிட்டுப் பயிற்சி நடத்துவது பலரும் அறிந்தது. எந்த வீச்சும் உள்ளே போகாது, ஒவ்வொரு பந்தும் சண்டையிட்டுத்தான் கைக்கு வர வேண்டும். 2025 தேசிய இறுதியாட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் 65-63 என்று தோற்கும் வரை அந்த அணியை இழுத்துச் சென்றதில் இத்தகைய பழக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. நீங்கள் பார்க்கும் அணியில் மூடி இருக்காது. ஆனால் வீச்சு கிளம்பியதும் எத்தனை பேர் பந்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், எத்தனை பேர் முதலில் எதிராளியை முதுகால் அணைகட்டித் தடுக்கிறார்கள் என்று எண்ணலாம்.

வாயையும் கையையும் மறக்க வேண்டாம். தற்காப்பில் பேசாத அணி, எதிரணியினர் வழிமறித்து நிற்க வருவதை ஒருவருக்கொருவர் சொல்லாத அணி, பெரிய அரங்கத்தின் இரைச்சலில் மொத்தமாக ஊமையாகிவிடும். கூடை விழுந்ததும் பந்து கொடுத்தவரை நோக்கி விரல் நீட்டும் வழக்கம், வட கரோலினாவில் 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித் ஊன்றிய பழக்கம்; ஜூன் மாதத்தில் யாரும் சொல்லாமலே விரல் நீள்கிறதா என்று பாருங்கள். பயிற்சியாளர் ரிக் பிட்டினோவின் அணிகளில் தற்காப்பாளரின் விரல் பட்டுப் பந்து திசை மாறுவதையெல்லாம் எண்ணுவார்கள்; ஆட்டத்துக்கு 35 என்பது அவர் வைத்த இலக்கு. ஒரு பத்து நிமிடம் நீங்களும் எண்ணிப் பாருங்கள். வேறு எதிலும் பெயர் வராத ஒருவர் அந்தக் கணக்கில் முதலிடம் பிடிப்பது அடிக்கடி நடக்கும்.

பயிற்சியாளர் எங்கே விசில் ஊதி நிறுத்துகிறார் என்பதையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். 1974-75 பருவத்தில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் ஜான் வுடன் (John Wooden) நடத்திய பயிற்சிகளை உட்கார்ந்து கணக்கெடுத்த இரண்டு உளவியலாளர்கள், அவர் செய்த 2,326 கற்பித்தல் செயல்களில் பாராட்டும் 7 விழுக்காட்டை எட்டவில்லை, கண்டிப்பும் எட்டவில்லை என்று கண்டார்கள். பெரும்பகுதி என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற சுருக்கமான அறிவுரைகளே. எனவே பயிற்சியாளர் கத்துவதை வைத்து அவர் கோபமாக இருக்கிறார் என்றோ, சிரிப்பதை வைத்து அணி நன்றாக இருக்கிறது என்றோ எழுதாதீர்கள். ஒரே தவற்றுக்காக இரண்டு மணி நேரத்தில் ஐந்து முறை நிறுத்தினார் என்றால், அந்தத் தவறுதான் அவரைத் தூங்க விடாதது.

யார் எந்த நிறச் சட்டையில் ஆடுகிறார்கள் என்பதை வைத்துத் தொடக்க ஐவரைக் கணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கோடையில் சட்டைகளை வேண்டுமென்றே கலைத்துப்போடுவார்கள். அதில் பொருள் தேடாதீர்கள். பெண்கள் அணியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொரு திருத்தம்: பல பெண்கள் அணிகள் ஆண் மாணவர்களை எதிரணியாக வைத்துப் பயிற்சி செய்கின்றன. அங்கே ஒரு வீராங்கனையின் பந்து தட்டிவிடப்பட்டால் அவரை எடைபோடும் முன் தட்டியவரின் உயரத்தைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே எழுதிவிட வேண்டும். தேதி, அது எத்தனையாவது வாரம், காயத்தால் ஆடாதவர் யார், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் ஆகிய நான்கும் மேலே இருக்கட்டும். கண்ணால் பார்த்ததைத் தாளின் இடப்பக்கமும், அதிலிருந்து நீங்கள் ஊகித்ததை வலப்பக்கமும் எழுதுங்கள். "க்ளோஸ் அவுட்டில் ஆறில் நான்கு முறை கடக்கவிட்டார்" என்பது இடப்பக்கம், "தற்காப்பில் பலவீனமானவர்" என்பது வலப்பக்கம். நவம்பரில் ஐந்தாறு ஆட்டங்கள் முடிந்ததும் அந்தத் தாளை எடுத்து, பொய்த்துப்போன வரிகளைச் சிவப்புப் பேனாவால் அடியுங்கள். நான் முதன்முதலில் அப்படிச் செய்தபோது பதினொரு வரிகளில் நான்கு சிவப்பாயின. நான்கும் வலப்பக்கத்தில் இருந்தன. அவற்றில் மூன்று, யார் நன்றாக வீசுகிறார் என்பதைப் பற்றியவை.