விளைச்சல் கூடியது கருவியாலா, யூரியாவாலா?

கிளிநொச்சியில் ஒரு கமக்காரர் அமைப்புக்கு அரசாங்கம் புது விதையிடும் கருவிகள் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். 2021/22 காலபோகத்தை (மாரிகால நெற்செய்கையை) விட 2022/23 காலபோகத்தில் ஏக்கருக்குப் பல மூட்டை கூட. அறிக்கை எழுதுகிறவருக்குச் சந்தோசம். ஆனால் முதல் போகம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த ஆண்டினுடையது. அடுத்த போகத்துக்கு யூரியா வந்துவிட்டது. கருவியைக் காணாத வயலிலும் நெல் கூடத்தான் விளைந்திருக்கும்.

அறிவியல், புத்தாக்கத் திட்டங்களை மதிப்பிடுவதில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்: பின்னையதிலிருந்து முன்னையதைக் கழித்து, மிச்சத்தைத் திட்டத்தின் பெயரில் எழுதிவிடுவது. மறுபக்கமும் உண்டு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வயல்கள் மூழ்கின. அந்தப் போகத்தில் தொடங்கிய நல்ல திட்டமும் தோற்றதாகவே தெரியும். திட்டமே இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று கேட்க வேண்டும்.

சரி, பக்கத்து வயலோடு ஒப்பிடலாமா? அங்கேதான் வழுக்கும். கருவி பெரும்பாலும் யாருக்குப் போகிறது? கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவருக்கு, வாய்க்கால் தலைப்பில் காணி உள்ளவருக்கு. அவரைக் கடைசி வாய்க்காலில் இரவிரவாகத் தண்ணீருக்குக் காவல் இருப்பவரோடு ஒப்பிட்டால் தெரிவது இரணைமடுக் குளத்துத் தண்ணீரின் பங்கீடுதான். கருவி முப்பது, கேட்பவர் அறுபது என்றால் திருவுளச்சீட்டுப் போடுங்கள். கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் சராசரியில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பார்கள். ஊரில் மனவருத்தமும் குறையும். இதைத் தொடங்குமுன்னரே செய்ய வேண்டும். எல்லாம் முடிந்தபின் மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டால் அவர் பாவம், என்ன செய்வார்?

அப்புறம், தலை எண்ணும் பழக்கம். கிராமங்களுக்குத் தொழில்நுட்பம் கொண்டுபோகும் அரசின் விதாதா வள நிலையங்களில் நடப்பது போன்ற பயிற்சிகளுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது செலவுக் கணக்குக்குப் போதும். ஜாம் செய்யப் பழகியவர்களில் ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் விற்கிறார்கள்? விற்றாலும், முன்பே விற்றுவந்த அயலூர்க்காரியின் வாடிக்கையைப் பிடித்துத்தானா?

ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணத்தை மூன்றாம் ஆண்டிலேயே எடைபோடுவதும் அவசரம். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இனங்கலந்த ஒரு நெல் கமக்காரர் கைக்கு வரப் பத்து ஆண்டுவரை எடுக்கலாம்.

கருவி கொடுத்த உத்தியோகத்தரையே கூட்டிக்கொண்டு போய்க் கருத்துக் கேட்டால் தேத்தண்ணியும் கிடைக்கும், “நல்ல பிரயோசனம் ஐயா” என்ற பதிலும் கிடைக்கும். தனியே போய், கொட்டிலில் கருவி கறள் பிடித்துக் கிடக்கிறதா என்று ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.