கண் நீர் அழுத்தம்: பரிசோதனைக்காக மட்டும் சொட்டு மருந்து விடாதீர்கள்

போன மாதம் மதுரையில் கண் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் செக்கானூரணியிலிருந்து வந்த ஓர் அக்கா. அவருக்குக் கண் நீர் அழுத்தம் என்று தெரிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. "மருந்தெல்லாம் ஒழுங்கா விடுறீங்களாக்கா?" என்று கேட்டேன். "செக்கப்புக்கு வர்ற வாரம் தவறாம விட்டுருவேன் தங்கச்சி. அப்பத்தான பிரஷர் சரியா காட்டும்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் இதையேதான் செய்தேன்.

உசிலம்பட்டியில் பிளவுஸ் தைக்கிறேன். எனக்கு இந்த நோய் இருப்பது 2009-இல் தெரிந்தது. கிளாக்கோமா என்பதும் இதுதான். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடும். மருந்தை நிறுத்தாதே, தேதி தவறாதே என்பதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லித்தான் அனுப்புவார்கள். நான் சொல்ல வந்தது வேறு: நாம் தெரியாமல் செய்யும் தவறுகள்.

பரிசோதனை வாரத்தில் மட்டும் மருந்து விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

எனக்குக் கொடுத்தது ராத்திரி படுக்கும் முன் கண்ணுக்கு ஒரு சொட்டு. முதல் வருடம் ஒழுங்காக விட்டேன். அப்புறம் தீபாவளி சீசன் வந்தது. ராத்திரி ஒரு மணி வரை மெஷின் ஓடும். கடைசி பிளவுஸுக்குக் கொக்கி கட்டிவிட்டு அப்படியே தலை சாய்த்தால் விடிந்துவிடும். தீபாவளி முடிந்தால் தை மாத முகூர்த்தம். மருந்து விட்ட நாளைவிட விடாத நாள் அதிகமாகிப் போனது. கண்ணில் வலி இல்லை, சிவப்பு இல்லை. ஊசியில் நூல் கோர்க்கிறேன், கால் இன்ச் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடுகிறது. எனக்கென்ன குறை என்று இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி தேதி நெருங்கினால் மட்டும் பயம் வந்துவிடும். டாக்டர் திட்டுவாரே என்று பத்து நாள் முன்பிருந்து தவறாமல் விடுவேன். முதல் தடவை பார்த்தபோது அழுத்தம் 28. பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கலாம் என்பார்கள். எனக்கு 16 என்று வரும். "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்பார். சந்தோஷமாக பஸ் ஏறுவேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிறோம் என்றால், 180 நாளில் ஒரே ஒரு நாள்தான் அழுத்தம் பார்க்கிறார்கள். அந்த ஒரு நாளை நாம் ஜோடித்துக் காட்டினால், மீதி நாளெல்லாம் நரம்பு நசுங்குவது அவருக்கு எப்படித் தெரியும்?

பார்வை எவ்வளவு தூரம் சுற்றிலும் தெரிகிறது என்று பார்க்கும் பீல்டு டெஸ்டில் அப்படி ஜோடிக்க முடியாது. தாடையைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் எங்கே வெளிச்சம் மினுங்கினாலும் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். மூன்றாம் வருடம் எடுத்த தாளில் என் இடது கண்ணுக்கு மூக்குப் பக்கம் கறுப்புத் திட்டு, அதாவது பார்வை போன இடம். முந்தின வருடத் தாளில் அதே இடம் லேசான சாம்பலாக இருந்தது.

வீட்டில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏனென்றால் ஒரு கண் விட்டதை இன்னொரு கண் பார்த்துக்கொள்ளும். அன்று வீட்டுக்கு வந்து மெஷின் முன் உட்கார்ந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசியையே பார்த்தேன். வலப்பக்கம் இருக்கும் கைச்சக்கரத்தில் மேல் பாதியைக் காணோம். கறுப்பாகக்கூட இல்லை, அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

அழுத்தம் 16-இல் நிற்கிறது, நரம்போ கெட்டுக்கொண்டே போகிறது. இந்த மருந்து போதவில்லை போல என்று டாக்டர் இன்னொன்று சேர்த்தார். அதற்கு வேறு செலவு. ஆபரேஷன் பேச்சும் வந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

கண்டுபிடித்தது ஒரு சிஸ்டர். மருந்துப் பெயரைப் பார்க்கப் புட்டியை வாங்கியவர், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இரண்டரை மில்லி புட்டி. இரண்டு கண்ணுக்கும் தினம் ஒரு சொட்டு விட்டால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். அட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த பில்லில் மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. புட்டியில் பாதி இன்னும் இருந்தது. "அக்கா, தினமும் விடுறீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அழுதுவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. "போன நரம்பு திரும்ப வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்துவோம்" என்றார். சேர்த்த மருந்தை நிறுத்திவிட்டு, பழையதை மட்டும் தினமும் தவறாமல் விடச் சொன்னார். அதிலிருந்து அந்தக் கறுப்புத் திட்டு அதே அளவில் நிற்கிறது. மூன்று வருடம் முன்பே விட்டிருந்தால் சக்கரம் முழுசாகத் தெரிந்திருக்கும்.

இப்போது தினசரி காலண்டரில் தாள் கிழிப்பதைக் காலையிலிருந்து ராத்திரிக்கு மாற்றிவிட்டேன். மருந்து விட்ட பிறகுதான் கிழிப்பது. விடாமல் போன நாளிருந்தால் அந்தத் தாளைக் கிழித்து பையில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் எண்ணிச் சொல்வேன். நீங்களும் சொல்லிவிடுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

பிபி மாத்திரையை நம்புவது

ரத்த அழுத்தம் வேறு, கண் அழுத்தம் வேறு. சொட்டு மருந்துக்குப் பதில் பிபி மாத்திரை ஆகாது.

மருந்தைக் கன்னத்தில் விடுவது

மூன்று நான்கு சொட்டு விட்டால் பலன் கூடும் என்று நினைக்கிறார்கள். ஒரு சொட்டே கண்ணுக்கு அதிகம், மீதி வழிந்துதான் போகும். தலையைச் சாய்த்து, கீழ் இமையைப் பை மாதிரி இழுத்து, புட்டி முனை எங்கும் படாமல் ஒரு சொட்டு. அப்புறம் கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் மருந்து மூக்கு வழியாக இறங்கிவிடும். சில மருந்து தொண்டையில் கசப்பது இதனால்தான். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும்.

இழுப்பு இருப்பதைச் சொல்லாதது

டிமோலால் மாதிரி மருந்து மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். கண்ணில் விடுவதுதானே என்று இருக்காதீர்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்குவது

அதில் ஸ்டீராய்டு இருந்து, தொடர்ந்து விட்டால் அழுத்தம் ஏறும். வேண்டாம்.

கூடப்பிறந்தவர்களிடம் மறைப்பது

இது குடும்பத்தில் வரும் நோய். என் அப்பாவுக்குக் கடைசி ஆறு வருடம் பார்வையே இல்லை. "வயசாச்சு, புரை முத்திருச்சு" என்று வீட்டில் எல்லோருமே நம்பினோம். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது 1976-இல். அப்பாவுக்குக் கண் மங்கியது அதற்கு வெகு காலம் கழித்து. உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஒரு தடவைகூட அவரை நாங்கள் கூட்டிப்போகவில்லை. என்ன நோய் என்று கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

எனக்கு வந்ததைத் தம்பியிடம் சொல்லவே இரண்டு வருடம் தயங்கினேன். சொன்ன பிறகும், 'எனக்கு நல்லாத்தானக்கா தெரியுது' என்று திருப்பூரிலேயே இருந்துவிட்டான். நாலு வருடம் நச்சரித்து, மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவனைக் கையோடு கூட்டிப்போனேன். ஒரு கண்ணில் 30. பீல்டு டெஸ்ட் தாளில் இன்னும் கறுப்பு எதுவும் விழவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு மருந்து விட்டதும் அவன் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். நான் திருப்பி ஒன்று கொடுத்துவிட்டு காலண்டர் தாளைக் கிழிப்பேன்.