போகோலான்: சேற்றைக் கொண்டு துணிக்குக் கறுப்பேற்றும் முறை

மாலி நாட்டுப் பம்பரா மக்களின் மொழியில் ‘போகோ’ என்பது மண், ‘ஃபினி’ என்பது துணி. சேற்றால் சாயமேற்றிய அவர்களின் துணியான போகோலான்ஃபினியில் நம் கண்ணை ஈர்க்கும் வெண்ணிறக் கோலத்தை யாரும் வரைவதில்லை. அதைச் சுற்றியுள்ள இடத்தையே சேற்றால் நிரப்புகிறார்கள். கைபழகும் வரை இதை மறக்காதீர்கள், ஏனெனில் முதன்முறை செய்பவர்கள் பெரும்பாலும் கோலத்தின் மேலேயே சேற்றைப் பூசிவிடுவார்கள்.

ஆண்கள் குறுகிய பட்டைகளாக நெய்த பருத்தித் துணியை ஒன்றாகத் தைத்துக்கொண்டு, பெண்கள் சாயமிடுவது மரபு. நீங்கள் கஞ்சி நீங்க அலசிய கதர்த் துணியை எடுத்துக்கொள்ளலாம்.

பம்பராப் பெண்கள் ‘ங்கல்லமா’ மரத்தின் இலைகளை இடித்து ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ எடுத்த சாற்றில் துணியைத் தோய்த்து, வெயிலில் விரித்து உலர்த்துவார்கள். துணி ஆழ்ந்த மஞ்சளாகும். அந்த மஞ்சளோடு இழையில் தங்கும் துவர்ப்புச் சத்துதான் பின்னர் கறுப்பைப் பிடித்து நிறுத்துகிறது. இது நமக்குப் புதிதன்று: கலம்காரிக் கலைஞர்கள் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, இரும்பை ஊறவைத்த கரைசலால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே வினைதான். ஆகவே ங்கல்லமா கிடைக்காதவர்கள் கடுக்காயைத் தயங்காமல் பயன்படுத்தலாம். மஞ்சள் மட்டும் சற்று வெளிறியிருக்கும்.

சேறு குளத்தின் அடியில் எடுத்த, இரும்புச் சத்து மிகுந்த வண்டலாக இருக்க வேண்டும். அதை மண்பானையில் நீரூற்றி மூடி, ஓராண்டு வரைகூடப் புளிக்கவிடுவார்கள். அவசரப்பட்டால் கறுப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறமே கிடைக்கும்.

கோலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பொருளையும் எண்ணிப்பாருங்கள். சட்டையாக அணியும் வேட்டைக்காரர்களுக்கும், பருவச் சடங்கு, பிள்ளைப்பேறு ஆகிய நேரங்களில் உடுத்தும் பெண்களுக்கும் இத்துணி காப்பாகக் கருதப்பட்டது. குருதி சிந்தும் தருணங்களில் வெளிப்படும் ஆற்றலின் தீங்கை இத்துணி தாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. கோலங்களின் பெயரையும் பொருளையும் தாயிடமிருந்து மகள் கற்றாள்.

மூங்கில் குச்சியாலோ தட்டையான இரும்புத் துண்டாலோ முதலில் கோலத்தின் ஓரத்தைச் சேற்றால் வரைந்து, பிறகு வெளியிடத்தை நிரப்புங்கள். நன்கு உலர்ந்ததும் அலசி, மீண்டும் இலைச்சாற்றில் தோய்த்து, மறுபடி சேறு பூசுங்கள். இரண்டாம் பூச்சில்தான் கறுப்பு முற்றுகிறது.

இறுதியாக, மஞ்சளாக எஞ்சிய கோலத்தின் மேல் மட்டும் காரச் சோப்புக் குழம்பைத் தடவ வேண்டும். மாலியில் நிலக்கடலை, தவிடு, காரச் சோடா சேர்த்து இதைச் செய்கிறார்கள். காரம் தோலை அரிக்கும், கையுறை கட்டாயம். தடவிய இடம் முதலில் பழுப்பாகும். கலங்காமல் சில நாள் வெயிலில் விட்டு அலசினால், அந்தப் பழுப்பு கரைந்தோடிக் கோலம் வெண்மையாக எழும்.