ஹோம் தியேட்டர் ரிசீவருக்குத் தனி பவர் ஆம்ப் இணைப்பது எப்படி?

ரிசீவரின் அட்டைப்பெட்டியில் 'சேனலுக்கு 100 வாட்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். சேனல் என்றால் ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிப் பாதை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'இரண்டு சேனல்கள் இயங்கும்போது' என்று இருக்கும். பெரும்பாலான ரிசீவர்களில் ஏழு சேனலுக்கும் கரண்ட் கொடுப்பது உள்ளே இருக்கும் ஒரே பவர் சப்ளைதான். படத்தில் ஏதாவது வெடித்து எல்லா ஸ்பீக்கரும் ஒரே சமயத்தில் கை நீட்டினால், அந்த 100 வாட் யாருக்கும் முழுசாகக் கிடைக்காது. தனி பவர் ஆம்ப் வைப்பது இதற்காகத்தான். எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும், எவ்வளவு சத்தம் என்று முடிவு செய்யும் வேலை ரிசீவரிடமே இருக்கும். ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் பாரம் தூக்கும் வேலையை மட்டும் ஆம்ப் வாங்கிக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்கு பார்த்துவிடுங்கள். 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 'கொஞ்சம் ஏத்தின மாதிரி இருக்கே' என்று தோன்றும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே சத்தத்துக்காக மட்டும் ஆம்ப் வாங்காதீர்கள். 4 ஓம் ஸ்பீக்கர் (ஓம் குறைந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும்), பெரிய அறை, சத்தம் ஏற்றும்போது ரிசீவர் தானே அணைந்துபோகும் தொல்லை, இவற்றில் ஒன்றாவது இருந்தால் காசுக்குப் பலன் உண்டு. சின்ன அறையில் 8 ஓம் ஸ்பீக்கர் வைத்து அளவாகக் கேட்பவர் இத்துடன் படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் ரிசீவரின் முதுகைப் பாருங்கள்

பின்பக்கம் 'ப்ரீ அவுட்' (உள் ஆம்ப் பெருக்குவதற்கு முந்தைய ஒலி வெளியே வரும் இடம்) என்ற பெயருக்குக் கீழே ஆர்சிஏ துளைகள் (ஒலி கேபிள் செருகும் வட்டத் துளைகள்) வரிசையாக இருக்க வேண்டும்: ஃப்ரண்ட் இடது, வலது, சென்டர், சரவுண்ட் என்று. மலிவான மாடல்களில் சப்வூஃபருக்கான (தாழ்ந்த ஒலிக்கென்று இருக்கும் தனி ஸ்பீக்கர்) துளை மட்டும் இருக்கும். அது இங்கே உதவாது. 'ஜோன் 2' என்று எழுதிய ப்ரீ அவுட்டும் வேறு. அது இன்னொரு அறைக்குப் பாட்டு அனுப்ப. முதல் தடவை நான் அதில்தான் கேபிளைச் செருகிவிட்டு, அரை மணி நேரம் ஆம்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ப்ரீ அவுட்டே இல்லை என்றால்? ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து வயர் எடுத்து ஆம்பின் ஆர்சிஏ இன்புட்டில் கொடுக்கலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. அந்த இன்புட் எதிர்பார்ப்பது ஒன்றிரண்டு வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் போகும்போது ஸ்பீக்கர் டெர்மினலில் இருப்பது சுமார் 28 வோல்ட். இதைக் குறைத்துக் கொடுக்கும் கன்வெர்ட்டர் பெட்டிகள் கிடைக்கும். ஆனால் ரிசீவரின் உள் ஆம்ப் வழியாகவே ஒலி வருவதால் அதன் குறைகளும் கூடவே வந்து சேரும். என்னைக் கேட்டால், அந்தக் காசைச் சேர்த்துவைத்து ப்ரீ அவுட் உள்ள ரிசீவருக்கு மாறுவது மேல்.

எந்தச் சேனலை மாற்றுவது?

முன்னால் இருக்கும் மூன்றை: இடது, சென்டர், வலது. படத்தின் வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் வரும். இசையும் சண்டையும் பெருமளவு இந்த மூன்றில்தான். இரண்டு சேனல் ஆம்ப்தான் கையில் இருக்கிறதா? இடது, வலது இரண்டையும் மாற்றுங்கள், சென்டர் ரிசீவரிலேயே இருக்கட்டும். பாரம் குறைந்ததால் அதற்கும் கரண்ட் தாராளமாகக் கிடைக்கும்.

ஸ்பீக்கர் வயர்

ரிசீவர், ஆம்ப், சப்வூஃபர் எல்லாவற்றின் ப்ளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆம்பின் கெப்பாசிட்டரில் தேங்கியிருப்பது இறங்க ஐந்து நிமிடம் விடுங்கள்.

இப்போது அந்த மூன்று ஸ்பீக்கரின் வயரையும் ரிசீவரிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். ஒரே ஸ்பீக்கரில் ரிசீவர் வயரும் ஆம்ப் வயரும் சேர்ந்து இருக்கவே கூடாது. ஒன்றின் அவுட்புட் மற்றதற்குள் பாய்ந்து இரண்டுமே போய்விடலாம்.

வயர் முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உறையை உரித்து, செம்பு இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள். ஆம்பின் டெர்மினலைத் தளர்த்தி, துளைக்குள் விட்டு, கையால் திருகுங்கள். திருகியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். முடி போல ஒரே ஒரு இழை வெளியே நீட்டிப் பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஷார்ட்தான். வயர் முனையில் பனானா ப்ளக் (டெர்மினலில் நேராகச் செருகும் உலோக முனை) போட்டுவிட்டால் இந்தப் பயம் குறையும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் எதுவும் எரியாது, ஆனால் பேஸ் (தாழ்ந்த ஒலி) வற்றி, குரல் நடுவில் நிற்காமல் அறையெல்லாம் அலையும்.

ஆர்சிஏ கேபிள்

ரிசீவரின் ப்ரீ அவுட் இடதிலிருந்து ஆம்பின் இன்புட் இடதுக்கு, அப்படியே மற்றவையும். கேபிள் தேவைக்கு மேல் நீளமாக வேண்டாம். பவர் கார்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஆம்பின் பின்னால் குட்டி சுவிட்சுகள் இருந்தால் கவனியுங்கள். எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள இன்னொரு வகை இணைப்பு), ஆர்சிஏ இரண்டும் உள்ள ஆம்பில் சுவிட்ச் ஆர்சிஏ பக்கம் இருக்க வேண்டும். இரண்டு சேனலை ஒன்றாக்கும் 'பிரிட்ஜ்' சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். கெயின் (ஆம்ப் ஒலியை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற அளவு) குமிழ் இருந்தால் முதலில் குறைத்தே வையுங்கள்.

12 வோல்ட் ட்ரிகர்

ரிசீவரில் 'ட்ரிகர் அவுட்', ஆம்பில் 'ட்ரிகர் இன்' இரண்டும் இருந்தால் ஒரு 3.5 மில்லிமீட்டர் மோனோ கேபிள் போதும். ரிசீவர் விழித்தால் ஆம்பும் விழிக்கும். இல்லாவிட்டால் கையால்தான். வரிசையை மட்டும் மறக்காதீர்கள்: போடும்போது ஆம்ப் கடைசி, அணைக்கும்போது ஆம்ப் முதல். மாற்றிச் செய்தால் ரிசீவர் எழும்போதும் படுக்கும்போதும் வரும் 'டப்' சத்தத்தை ஆம்ப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

ஆம்பை ரிசீவர் தலையில் ஏற்றி வைக்காதீர்கள், இரண்டுமே சூடாகும். ப்ளக்கை முடிந்தவரை நேராகச் சுவரிலேயே கொடுங்கள்.

முதல் தடவை ஆன் செய்தல்

வால்யூமை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு ரிசீவரையும் அப்புறம் ஆம்பையும் போடுங்கள். யாராவது பேசும் காட்சியை ஓடவிட்டு மெதுவாக ஏற்றுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அருகில் காதை வைத்து, வர வேண்டியது அங்கேதான் வருகிறதா என்று பாருங்கள்.

சரி, சத்தம் வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று பலரும் இங்கே எழுந்துவிடுகிறார்கள். இனிமேல்தான் முக்கியமான கட்டம். உங்கள் ஆம்பின் கெயினும் ரிசீவரின் உள் ஆம்பின் கெயினும் ஒன்றாக இருக்காது. முன்னால் மூன்றும் ஓங்கி ஒலிக்கும், பின்னால் இருப்பவை முனகும், அல்லது நேர்மாறாக. அதனால் மைக் வைத்துச் செய்யும் தானியங்கி அளவீட்டை, ஆடிஸியோ டிராக்கோ உங்கள் ரிசீவரில் எது இருக்கிறதோ அதை, முதலிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். முடிந்ததும் லெவல் பட்டியலைத் திறந்து பாருங்கள். முன் சேனல்கள் மைனஸ் 12 டெசிபல் போன்ற கடைசி எல்லையில் முட்டி நின்றால், அதற்கு மேல் குறைக்க ரிசீவரிடம் இடமில்லை. ஆம்பின் கெயினைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

புது ஆம்ப் வந்த உற்சாகத்தில் மெனுவில் ஸ்பீக்கரை 'லார்ஜ்' (பேஸ் முழுவதும் அந்த ஸ்பீக்கருக்கே) ஆக்காதீர்கள். ஆம்ப் மாறியதால் ஸ்பீக்கரின் கோன் பெரிதாகிவிடவில்லை. சப்வூஃபர் இருந்தால் 'ஸ்மால்', 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர் (அதற்குக் கீழே உள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போகும்) என்று தொடங்குவதே நல்லது.

'உம்ம்' என்று ஒரு சத்தம்

ஸ்பீக்கரிலிருந்து தாழ்ந்த குரலில் 'உம்ம்' வந்தால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப். இரண்டு கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொடும்போது, மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஒலிக்குள் நுழைந்துவிடுகிறது. ஆம்பை அணைத்து, ஆர்சிஏ கேபிளைக் கழற்றிவிட்டு, கேபிள் இல்லாமலே ஆம்பை மறுபடி ஆன் செய்யுங்கள். 'உம்ம்' நின்றுவிட்டதா? ஆம்ப் நிரபராதி, ரிசீவர் பக்கத்திலிருந்து வருகிறது. கேபிளை மாட்டிவிட்டு, ரிசீவரோடு சேர்ந்த மற்ற கருவிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ரிசீவரையும் ஆம்பையும் அடுத்தடுத்த ப்ளக் பாயிண்டில் கொடுத்தாலே சில சமயம் அடங்கிவிடும். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள், டேப் சுற்றியும் மறைக்காதீர்கள். ஆம்புக்குள் ஏதாவது கழன்று பெட்டியைத் தொட்டால் உங்கள் உயிரைக் காப்பது அந்தப் பின்தான்.

என் வீட்டில் குற்றவாளி டிவி கேபிள் வயர். செட் டாப் பாக்ஸின் பின்னாலிருந்து அதைத் திருகி எடுத்த நொடியில் அறை அமைதியானது. விரல் நீளத்தில் ஒரு ஐசொலேட்டரை (எர்த் தொடர்பைத் துண்டித்து சிக்னலை மட்டும் விடும் கருவி) நடுவில் போட்டு மறுபடி மாட்டினேன், அதன்பிறகு 'உம்ம்' திரும்பி வரவில்லை.