மொழிப்பாட வகுப்பில் ஊடக எழுத்தறிவு: முதல் முறை நடத்தப்போகும் ஆசிரியருக்கு

ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் "ஊடக எழுத்தறிவையும் (செய்தி, படம், விளம்பரம் போன்றவற்றை எடைபோட்டுப் படிக்கும் திறனையும்) சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்" என்றால், "அது கணினி ஆசிரியர் வேலையாச்சே" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடத்திப் பார்த்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. இந்த வாக்கியத்தில் எழுவாய் எங்கே என்று தினமும் கேட்பவர்கள் நாம்தான். ஒரு செய்தியை எடைபோடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

கீழே உள்ளது 8 பாடவேளைகளுக்கான வரிசை. ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்திருக்கிறேன். கணினி அறை கட்டாயம் இல்லை. தாள், பேனா, கரும்பலகை போதும். நான்காம், ஐந்தாம் படிகளுக்கு மட்டும் ஆசிரியர் கையில் இணையத்தோடு ஒரு கைப்பேசி இருந்தால் நல்லது.

தொடங்கும் முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை நேராகப் பொய்ச் செய்திகளின் பட்டியலோடு ஆரம்பித்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு பையன், "அப்போ எதையுமே நம்பக்கூடாது, அவ்வளவுதானே டீச்சர்?" என்றான். பாதி வகுப்பு தலையாட்டியது. நான் அவர்களுக்கு அவநம்பிக்கையைத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். எதையும் நம்பாத பிள்ளைக்குச் சரிபார்த்து வந்த செய்தியும் புரளியும் ஒன்றுதான். அப்புறம் தனக்குப் பிடித்ததை நம்பிக்கொள்ளும். அதனால் இந்த வரிசையில் பொய்யைப் பின்னால் தள்ளியிருக்கிறேன்.

படி 1: ஒரு நாள் குறிப்பு (1 பாடவேளை)

முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: காலை எழுந்தது முதல் தூங்கும்வரை கண்ணில், காதில் பட்ட எல்லாச் செய்திகளையும் குறித்துக்கொண்டு வர வேண்டும். பார்த்த வீடியோ, வாட்ஸ்அப்பில் வந்தது, சுவரொட்டி, பாடப்புத்தகம், நண்பன் சொன்னது, விளையாட்டுச் செயலியின் நடுவே வந்த விளம்பரம் என எல்லாமே. மூன்று நெடுவரிசைகள் போதும்: என்ன, எதன் வழியாக, யார் சொன்னது.

வகுப்பில் பட்டியலைப் படிக்கும்போது ஒன்று தானாகவே தெரியும். மூன்றாம் நெடுவரிசை பலருக்குக் காலியாக இருக்கும், அல்லது "யூடியூப்" என்று எழுதியிருப்பார்கள். யூடியூப் வழி, சொன்னவர் வேறு ஒருவர். தபால்காரர் கடிதம் எழுதுவதில்லை என்று நான் விளக்குவேன். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் அன்றைய பாடம் முடிந்தது. அவர்கள் பார்ப்பதைப் பற்றி மட்டும் குறை சொல்லிவிடாதீர்கள். ஒரு முறை முகம் சுளித்தால் அடுத்த நாள் முதல் அவர்கள் உண்மையான பட்டியலைக் காட்ட மாட்டார்கள்.

படி 2: ஒரே நிகழ்வு, இரண்டு செய்தி (2 பாடவேளை)

இதுதான் மொத்த வரிசையின் உயிர். அவசரப்படாதீர்கள். கரும்பலகையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

முதல் செய்தி: "விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் இருந்த 3 மரங்கள் நேற்று வெட்டப்பட்டன. பாதுகாப்புக் கருதி இந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது."

இரண்டாம் செய்தி: "பிள்ளைகள் நிழலுக்கு ஒதுங்கும் 3 மரங்களை நகர நிர்வாகம் நேற்று வெட்டிச் சாய்த்தது. தங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று பெற்றோர் குமுறினர்."

எது பொய் என்று கேளுங்கள். கை தூக்குவார்கள், வாதாடுவார்கள், கடைசியில் இரண்டிலும் பொய் இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு ஏன் இரண்டும் வேறு வேறு உணர்வைத் தருகின்றன? இங்கேதான் இலக்கணம் உள்ளே வருகிறது.

முதலில் எழுவாய். முதல் செய்தியில் மரங்களை வெட்டியது யார்? தெரியவில்லை. செயப்பாட்டு வினை செய்தவரை வாக்கியத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டது. இரண்டாவதில் அவர் முன்னால் வந்து நிற்கிறார். "வெட்டப்பட்டது", "முடிவு செய்யப்பட்டது", "நீக்கப்பட்டனர்" என்று எங்கே வந்தாலும் "யாரால்?" என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அதே சமயம், செயப்பாட்டு வினை வந்தாலே ஏதோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டவும் கூடாது. செய்தவர் யாரென்று தெரியாமல் இருக்கலாம், அல்லது அந்தச் செய்திக்கு அவர் முக்கியமில்லாமல் இருக்கலாம். கேள்வி கேட்டுப் பார்ப்பதுதான் பழக்கம். பதில் ஒவ்வொரு முறையும் மாறும்.

அடுத்து, அடைகள். "மைதானத்தின் ஓரத்தில் இருந்த", "பிள்ளைகள் நிழலுக்கு ஒதுங்கும்": இரண்டும் பெயரெச்சத் தொடர்கள், இரண்டும் உண்மை, ஆனால் எழுதியவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தார். அடைகளை அடித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்லுங்கள். "3 மரங்கள் நேற்று வெட்டப்பட்டன" என்பதுதான் எலும்புக்கூடு. மற்றதெல்லாம் எழுதியவர் சேர்த்த சதை.

மூன்றாவது, பேச்சைச் சொல்லும் வினை. ஒரே மனிதர் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். அதை "சொன்னார்", "விளக்கினார்", "ஒப்புக்கொண்டார்", "மழுப்பினார்", "சாடினார்", "புலம்பினார்" என்று ஆறு விதமாக எழுதலாம். ஒவ்வொன்றும் வாசகரிடம் அவரைப் பற்றி ஒரு தீர்ப்பைக் கொடுத்துவிடுகிறது. "ஒப்புக்கொண்டார்" என்றாலே ஏதோ தப்புச் செய்தவர் போல ஆகிவிடுகிறார். இந்த ஆறு வினைகளையும் ஆறு குழுக்களுக்குக் கொடுத்து, அந்த மனிதரின் முகத்தை வரையச் சொன்னால் வகுப்பு களைகட்டும்.

கடைசியாக, நம் மொழியில் இதற்கென்றே ஒரு சின்ன விகுதி இருக்கிறது. "நாளைக்கு விடுமுறை" என்பதற்கும் "நாளைக்கு விடுமுறையாம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் சிறு குழந்தைக்கும் தெரியும். அந்த "ஆம்", "இது நான் பார்த்தது இல்லை, கேட்டது" என்று சொல்லிவிடுகிறது. செய்தி எழுத்தில் அது "கூறப்படுகிறது", "தெரிகிறது", "தகவல்கள் தெரிவிக்கின்றன" என்று வேடம் மாற்றிக்கொள்கிறது. ஒரு செய்தியில் இப்படி வரும் இடங்களையெல்லாம் "ஆம்" போட்டுத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். உறுதியாகத் தோன்றிய ஒரு பத்தி திடீரென்று ஆறு "ஆம்"களோடு நிற்பதை அவர்களே பார்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது.

படி 3: தகவல், கருத்து, விளம்பரம் (1 பாடவேளை)

தகவலையும் கருத்தையும் பிரிப்பது பாடப்புத்தகங்களிலேயே இருக்கும், நீட்ட வேண்டாம். ஒரு திருத்தம் மட்டும் அவசியம். பிள்ளைகள் "தகவல் என்றால் உண்மை, கருத்து என்றால் பொய்" என்று பிடித்துக்கொள்வார்கள். தகவல் வாக்கியம் என்றால் சரிபார்க்க முடிகிற வாக்கியம், அவ்வளவுதான். சரிபார்த்தால் அது தவறாகவும் இருக்கலாம். நல்ல காரணங்களோடு வரும் கருத்து மிகவும் மதிப்புள்ளதாகவும் இருக்கலாம்.

மிச்ச நேரத்தை விளம்பரத்துக்குக் கொடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், "விளம்பரதாரர் உள்ளடக்கம்" என்ற குறிப்போடு செய்தி போலவே அமைந்த ஒரு விளம்பரத்தை அமெரிக்க நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் காட்டினார்கள். 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைச் செய்தி என்றே நம்பினார்கள். குறிப்பு கண்ணெதிரே இருந்தது. அதன் அர்த்தம்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. இது சொல்வளச் சிக்கல், நம் வேலை. "கூட்டணி வெளியீடு", "வழங்குபவர்", "கட்டணப் பகிர்வு" போன்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள்.

படி 4: பக்கத்தை விட்டு வெளியே வருவது (2 பாடவேளை)

இங்கே மொழியாசிரியர்களான நாம் கொஞ்சம் தடுமாறுவோம். "கவனமாகப் படி, முழுக்கப் படி" என்றே பழக்கியிருக்கிறோம். முன்பின் தெரியாத இணையப் பக்கத்தில் அந்த அறிவுரை எதிராக வேலை செய்யும்.

ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்று ஆய்வாளர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 கல்லூரி மாணவர்கள் என 45 பேர் இணையதளங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று கவனித்தார்கள். படித்த வரலாற்று ஆய்வாளர்கள் பலர்கூட அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றி, அழகான வடிவமைப்பையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். புதிதாக வந்த ஒருவரைப் பற்றி அவரிடமே கேட்காமல் தெரிந்த நாலு பேரிடம் விசாரிப்பது போலத்தான்.

வகுப்பில் பயிற்சிக்கு மர ஆக்டோபஸ் அருமையாக உதவும். வட அமெரிக்காவின் பசிபிக் கரைக் காடுகளில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று அழிந்துவருவதாக 1998-இல் விளையாட்டுக்காக ஒரு இணையதளம் உருவாக்கப்பட்டது. படங்கள், வாழிடம், பாதுகாக்கும் வழிகள் எல்லாம் அதில் உண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையத்தில் நன்றாகப் படிக்கக்கூடிய ஏழாம் வகுப்பு மாணவர்கள் 25 பேரிடம் அதைக் காட்டியபோது, கிட்டத்தட்ட எல்லோரும் நம்பிவிட்டார்கள். முதல் பாடவேளையில் அந்தக் கதையை நீங்களே ஒரு பத்தியாக எழுதிக் கொடுத்து, உள்ளே இருப்பதை வைத்து மட்டும் முடிவெடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவதில் வெளியே தேடச் சொல்லுங்கள். கைப்பேசி ஒன்றுதான் என்றால் பிள்ளைகள் தேடுசொற்களைச் சொல்லட்டும், நீங்கள் தட்டச்சு செய்து வருவதை வாசியுங்கள். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்பதே பெரிய மொழிப் பயிற்சி. "மர ஆக்டோபஸ் எங்கே வாழ்கிறது" என்று தேடினால் அந்தக் கதைதான் திரும்ப வரும். "மர ஆக்டோபஸ் உண்மையா" என்று தேடினால் வேறு கதவு திறக்கும். கேள்விக்குள்ளேயே பதிலை ஒளித்துவைக்கக் கூடாது என்று அவர்கள் அன்றைக்குக் கற்றுக்கொள்வார்கள்.

விக்கிப்பீடியாவைத் தடை செய்யாதீர்கள். ஒரு அமைப்பைப் பற்றி முதல் அறிமுகம் பெறவும், கீழே இருக்கும் மேற்கோள்கள் வழியாக மூலத்துக்குப் போகவும் அது நன்றாகவே உதவும்.

படி 5: படங்கள் (1 பாடவேளை)

பெருவெள்ளம் வரும்போதெல்லாம் நீர் சூழ்ந்த சாலையில் சுறா நீந்தும் படம் ஒன்று வலம் வரும். 2011-இல் ஐரீன் புயலின்போது வந்தது, 2017-இல் ஹார்வி புயலின்போது மறுபடி வந்தது. சுறா உண்மையான சுறாதான், தாமஸ் பெஷாக் என்ற புகைப்படக் கலைஞர் கடலில் எடுத்தது. அதை வெட்டி சாலையில் ஒட்டியிருக்கிறார்கள். கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் கருவி மூலம் ஒரு படம் இதற்கு முன் எங்கெல்லாம் வந்தது என்று தேட முடியும். அதைச் செய்து காட்டுங்கள்.

பிள்ளைகளுக்குத் தெம்பு தரும் கதையும் ஒன்று உண்டு. 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயது எல்சியும் 9 வயது பிரான்சஸும் காகிதத்தில் தேவதைகளை வரைந்து வெட்டி, ஊசியால் குத்தி நிறுத்திப் படம் எடுத்தார்கள். துப்பறியும் கதைகளுக்குப் பேர்போன ஆர்தர் கோனன் டாயில் அதை உண்மை என்று நம்பி எழுதினார். இருவரும் 1980களில்தான் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். அறிவாளியும் ஏமாறலாம், குறிப்பாகத் தான் நம்ப விரும்பும் விஷயத்தில்.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களில் விரல்களை எண்ணிப் பார்க்கச் சொல்லும் அறிவுரை இனி அதிகம் உதவாது. அந்தப் பிழைகள் வேகமாகக் குறைந்துவருகின்றன. யார் எடுத்தது, முதலில் எங்கே வந்தது, வேறு யார் இதைப் பார்த்தார்கள் என்ற கேள்விகள் மட்டும் பழசாவதில்லை.

படி 6: அவர்களே எழுதட்டும் (1 பாடவேளை)

பள்ளியில் அந்த வாரம் நடந்த ஒரு நிகழ்வை ஒவ்வொருவரும் 50 சொற்களில் இரண்டு முறை எழுத வேண்டும். இரண்டிலும் பொய் இருக்கக்கூடாது, ஆனால் வாசிப்பவரின் மனம் இரண்டு பக்கம் சாய வேண்டும். அப்புறம் மூன்றாவதாக, இயன்றவரை நேர்மையாக ஒன்று. மூன்றாவதுதான் கஷ்டம் என்று அவர்களே சொல்வார்கள்.

மதிப்பெண் போடும்போது "உண்மை / பொய்" என்ற விடைக்குக் குறைவாகவும், அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதற்கு அதிகமாகவும் கொடுங்கள். "இன்னும் சரிபார்க்க முடியவில்லை" என்று காரணத்தோடு எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். நான் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பாடவேளையில் 10 நிமிடம் மிச்சம் வையுங்கள். எல்லா வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும்: "இதை அனுப்பினது எங்க மாமா. தப்புன்னு சொன்னா கோபப்படுவாரே?" இரண்டு இரண்டு பேராக நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் மாமா, ஒருவர் மருமகள். "இது பொய் மாமா" என்று ஆரம்பித்த ஜோடிகளில் சண்டைதான் வந்தது. ஒரு பெண் மட்டும், "மாமா, இது உங்களுக்கு யார் அனுப்பினாங்க? வாங்க, சேர்ந்து தேடிப் பார்ப்போம்" என்றாள். மாமாவாக நடித்த பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லாத கைப்பேசியைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினான்.